போலர் டிரெய்லர் 90-ஐத் தாண்டினால் பாம்பு மாதிரி நெளிகிறது, அவசர உதவி தேவை

ஸ்காபரோ_கொத்தமல்லி | வியாழன் இரவு 11:42

வணக்கம். எங்களிடம் 13 அடி போலர் ஒன்று இருக்கிறது, காரில் கட்டி இழுத்துப்போய் உள்ளே தங்குகிற சின்ன பைபர்கிளாஸ் டிரெய்லர், 1974-ஆம் ஆண்டு வண்டி. போன கிழமை ஒன்ராறியோவில் 400 நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்னால் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கிவிட்டது. ஒரு பெரிய லொறி முந்திக்கொண்டு போனபோது காரையே இழுத்துக்கொண்டு போய்விடும் போல இருந்தது, மனைவி அழுதுவிட்டா, பிள்ளைகள் இரண்டு பேரும் பின்சீட்டில். ரயர் இரண்டும் புதுசு, பேரிங்கும் புதுசு. வருகிற வெள்ளி கில்பேர் பார்க்கில் முகாம் போட இடம் பதிந்திருக்கிறோம். ஆட்டத்தை நிறுத்துகிற பார் என்று ஒன்று விற்கிறார்களே, அதை வாங்கிப் பூட்டினால் சரியாகிவிடுமா? தயவுசெய்து கெதியாகச் சொல்லுங்கோ.

வின்னிபெக்_குளிர் | வெள்ளி காலை 6:15

என்ன கார் என்று சொல்லவில்லையே. காரின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் பந்து தரையிலிருந்து எத்தனை அங்குலம்? டிரெய்லர் மூக்கு மேலே தூக்கி நிற்கிறதா, கீழே குனிந்து நிற்கிறதா? அந்தப் பந்தில் மாட்டும் டிரெய்லர் கொக்கியில் எத்தனை கிலோ இறங்குகிறது? இவை தெரியாமல் பார் வாங்கு, வாங்காதே என்று எப்படிச் சொல்வது?

மினசோட்டா_முருங்கை | வெள்ளி காலை 7:02

எனக்கு டயர் மேல்தான் சந்தேகம். புதுசு என்றால் என்ன டயர்? கார் டயரா, டிரெய்லருக்கென்றே வரும் எஸ்டி டயரா? என் ஸ்கேம்பில் (அதுவும் போலர் மாதிரி பைபர் டிரெய்லர்தான்) முதல் வருஷம் கார் டயர்தான் போட்டிருந்தேன், பக்கவாட்டுச் சுவர் மெத்தென்று இருப்பதால் காற்றடித்தாலே வண்டி அசையும். எஸ்டி 175/80 ஆர்13, சி ரேஞ்ச் (தாங்கும் பாரத்தின் தரம்) போட்டு, டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் 50 பிஎஸ்ஐ வரை காற்று அடித்தேன், பாதி ஆட்டம் போய்விட்டது. நிறைய பேர் காருக்கு அடிப்பது போல 32 அடித்துவிட்டு டிரெய்லரைக் குறை சொல்வார்கள். டயரில் பொறித்திருக்கும் டாட் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று அதில் இருக்கும். கடையில் புதுசு என்று விற்பதெல்லாம் புதுசு இல்லை.

பழைய_இரும்பு | வெள்ளி காலை 8:30

இந்தக் கேள்விக்கு நான் இதுவரை ஏழெட்டு தடவை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். 50 வயது வண்டியை வாங்குகிறவர்கள் முதலில் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டும், பெயின்ட் அடித்துத் திரைச்சீலை மாட்டுவது அப்புறம்.

போலரில் இரும்புப் பட்டைகளை அடுக்கிய இலைவில் கிடையாது. சதுரக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகள், நடுவில் இன்னொரு தண்டு, அது முறுக்கும்போது ரப்பர் நசுங்கிக் கொடுக்கும், அதுதான் சஸ்பென்ஷன். ரப்பர் கிழடாகி இறுகிவிட்டால் கொடுக்காது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். சாமான் ஏற்றிய பிறகும் அது கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். படுக்கையாகவோ மேல்நோக்கியோ இருந்தால் அச்சு செத்துவிட்டது. 74-இல் போட்ட அச்சு என்றால் செத்தே இருக்கும். இதே மாதிரி ரப்பர் முறுக்கும் புது டார்ஷன் அச்சு வாங்கிப் போடுங்கள், வேறு பேச்சே தேவையில்லை.

நிலா_அக்கா | வெள்ளி காலை 9:10

தம்பி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு. ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், வேகம் தானாக இறங்கட்டும். டிரெய்லரில் மின்சார பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் போடலாம், ஒன்ராறியோவில் 1,360 கிலோவுக்கு மேல்தான் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம் என்பதால் உங்களுடையதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

இனி ஒரு கேள்வி. வண்டியின் பின்பக்கம் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? பெட்டி, ஸ்பேர் சக்கரம், சைக்கிள் ரேக் ஏதாவது?

ஸ்காபரோ_கொத்தமல்லி | வெள்ளி மதியம் 12:20

எல்லோருக்கும் நன்றி, வேலையில் நிற்கிறேன். கார் 2009 டொயோட்டா மேட்ரிக்ஸ், கையேட்டில் 1,500 பவுண்டு வரை இழுக்கலாம் என்று இருக்கிறது. ஓம், பின்னால் ரேக் இருக்கிறது, பிள்ளைகளின் சைக்கிள் ஒன்று, என்னுடையது ஒன்று. போன மாதம்தான் பூட்டினேன். அது பாரமே இல்லையே. டிரெய்லரின் பின்பக்கச் சீற்றுக்குக் கீழே ஐஸ் பெட்டியும் தண்ணீர்க் கானும் வைத்தோம். அச்சு மாற்ற எவ்வளவு ஆகும்?

வின்னிபெக்_குளிர் | வெள்ளி மதியம் 12:48

இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும்!

அச்சுக்குக் காசு செலவழிக்காதீர்கள், பொறுங்கள். இது சீசோ கணக்கு. ரேக்கோடு இரண்டு சைக்கிளும் ஒரு 35 கிலோ வரும் என்று வையுங்கள். அச்சிலிருந்து சைக்கிள் வரை 1.7 மீட்டர், அச்சிலிருந்து ஹிட்ச் பந்து வரை 2.6 மீட்டர் என்றால் (நீங்களே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்) 35-ஐ 1.7-ஆல் பெருக்கி 2.6-ஆல் வகுத்தால் 23 கிலோ. அதாவது நீங்கள் பாரமே இல்லை என்று மாட்டியது கொக்கியிலிருந்து 23 கிலோவைத் தூக்கிவிட்டது. போலர் தொடக்கத்திலிருந்தே மூக்கு லேசான வண்டி. பின்னால் ஐஸ் பெட்டியும் தண்ணீரும் வேறு.

பாரம் அதிகம் என்பது மட்டும் இல்லை சிக்கல், அது எங்கே இருக்கிறது என்பதும்தான். வண்டியின் இரண்டு நுனியில் பாரம் இருந்தால், ஒரு தடவை ஆடத் தொடங்கியது நிற்க நேரம் எடுக்கும். கனமானதெல்லாம் அச்சுக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும்.

கொக்கிப் பாரத்தைக் குளியலறைத் தராசிலேயே அளக்கலாம். ஒரு பலகையின் ஒரு முனைக்குக் கீழே செங்கல், மறுமுனைக்குக் கீழே தராசு, இரண்டின் மேலும் குறுக்கே ஒரு குழாய்த் துண்டு வைத்தால் தாங்குகிற இடம் தெளிவாக இருக்கும். செங்கல்லிலிருந்து ஒரு அடியில் டிரெய்லர் மூக்கை இறக்குங்கள், செங்கல்லிலிருந்து தராசு மூன்று அடியில் இருக்கட்டும். பலகையால் மட்டும் தராசு காட்டும் எண்ணைக் கழித்துவிட்டு மீதியை மூன்றால் பெருக்குங்கள். சாமான், தண்ணீர் எல்லாம் பயணத்துக்கு ஏற்றுவது போல ஏற்றிய பிறகு, வண்டியை மட்டமாக நிறுத்தி அளக்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இறங்க வேண்டும்.

ரைன்கரை_ரவை | வெள்ளி மாலை 3:05

10 முதல் 15 என்பது அமெரிக்கக் கணக்கு. இங்கே ஜெர்மனியில் சிறிய காருக்கு 50 கிலோ, 75 கிலோதான் அனுமதி, மொத்த எடையில் ஒரு 5, 6 சதவீதம்தான் வரும், ஊர் முழுக்க அப்படித்தான் இழுக்கிறார்கள். நான் வைத்திருப்பது க்யூஈகே யூனியர், கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் இழுப்பதற்கென்றே செய்த பைபர் டிரெய்லர். டிராபன்ட் 601-க்கு இருந்தது 26 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். போலந்தில் நெவியாதூவ் என்ற ஊரில் செய்த என்126 என்ற டிரெய்லரின் பெயரே ஃபியட் 126 காரிலிருந்து வந்தது, அந்தக் கார் 600 சொச்சம் சிசி, எஞ்சின் பின்னால். அதிலேயே குடும்பத்தோடு கடலுக்குப் போனார்கள். மேட்ரிக்ஸ் அதற்கு முன்னால் யானை. எனக்கென்னவோ பந்தின் உயரம்தான் பிழை என்று படுகிறது. டிரெய்லர் மூக்கைத் தூக்கி நின்றால் எத்தனை கிலோ வைத்தாலும் ஆடும்.

பழைய_இரும்பு | வெள்ளி மாலை 4:20

ஜெர்மனியில் டிரெய்லர் இழுத்தால் 80-தான் வேகம், தனி அனுமதி வாங்கினால்தான் 100. அதைச் சொல்லாமல் 5 சதவீதம் போதும் என்று இங்கே உள்ளவருக்குச் சொல்வது ஆபத்து. இங்கே டிரெய்லருக்குத் தனி வேக வரம்பு கிடையாது, 110-இல் எல்லோரும் போகிறார்கள். டிராபன்ட் 110-இல் இழுத்ததா?

ரைன்கரை_ரவை | வெள்ளி மாலை 4:41

110-இல் இழுக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை அண்ணா. அதைத்தான் நானும் சொல்கிறேன், இந்தச் சின்ன வண்டிகள் 80-இல் போவதற்குச் செய்தவை, சின்னக் காரும் அப்படித்தான். வேகத்தைக் குறைத்தால் பாதிச் சிக்கல் வராது. நீங்கள் மூக்கில் 15 சதவீதம் வை என்றால் காரின் பின்பக்கம் இறங்கி முன்சக்கரத்தின் பிடி குறையும், மேட்ரிக்ஸ் முன்சக்கரம் இழுக்கும் கார். அதையும் யோசியுங்கள். ஒரே ஹோண்டா சிவிக் ஐரோப்பாவில் இழுக்கலாம், அமெரிக்கக் கையேட்டில் இழுக்கவே கூடாது என்று இருக்கிறது. காரா மாறியது? பழக்கம்தான் வேறு.

மினசோட்டா_முருங்கை | வெள்ளி மாலை 5:15

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழைய சின்ன டிரெய்லர்கள் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இந்த முட்டை வடிவம் முதலில் யாருடையது என்றால் போலர்தான். ரே ஒலெக்கோ 1968-இல் வின்னிபெக்கில் செய்தது. அதற்கு முன்னால் அவர் பைபரில் செப்டிக் டேங்க் செய்துகொண்டிருந்தார், மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டு ஓடுகளை நடுவில் சேர்க்கும் யோசனை அங்கிருந்து வந்ததுதான், அதனால்தான் மரச்சட்டமே இல்லாமல் இவ்வளவு லேசாக வந்தது. பவுலர் என்ற உருண்டைத் தொப்பி மாதிரி இருந்ததால் பெயர் போலர். எங்கள் ஸ்கேம்ப் அந்த வழியில் வந்ததுதான்.

ரைன்கரை_ரவை | வெள்ளி மாலை 5:58

முட்டை வடிவம் போலருக்கு வெகு முன்பே இங்கே இருக்கிறது. பாட் டூபன் என்ற ஊரில் வூர்டிக் பட்டறை செய்த டிரெய்லரை மக்கள் டூபன் முட்டை என்றே கூப்பிடுவார்கள். பைபரில் இரண்டு ஓடு என்பது ஒலெக்கோவுடையது, அதை மறுக்கவில்லை, பெரிய வேலை அது. எரிபா டிரெய்லரை வரைந்த எரிக் பாகெம், போர்க்காலத்தில் நாட்டர் என்ற ராக்கெட் விமானத்தை வடிவமைத்தவர், அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் எரிபா. ஒருவர் செப்டிக் டேங்கிலிருந்து வந்தார், இன்னொருவர் விமானத்திலிருந்து வந்தார், இரண்டு பேருக்கும் கிடைத்த விடை ஒன்றுதான்: எடையைக் குறை, மூலையை உருட்டு. எனக்கு இதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கும்.

நிலா_அக்கா | வெள்ளி இரவு 8:30

நல்ல விஷயம்தான், ஆனால் அந்தத் தம்பிக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது.

தம்பி, அளக்கும்போது ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியிலும் படுத்துப் பாருங்கள். இழுக்கும் சட்டம் உடலுக்குக் கீழே நுழைகிற இடம் இருக்கிறதே, முன்பக்கம் இரண்டு ஓரமும், பழைய போலர்களில் அங்கேதான் இரும்பு வெடிக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் பாருங்கள், மேலே பெயின்ட் இருந்தால் வெடிப்பு தலைமயிர் மாதிரிதான் தெரியும். சட்டம் வளைந்து கொடுத்தால் சக்கரங்கள் நேராக ஓடாது, பாரத்தை எங்கே மாற்றினாலும் ஆட்டம் முழுதாகப் போகாது. எங்கள் வண்டியில் வலதுபக்கம் பாதி இரும்பு பிளந்து நின்றது, வாங்கும்போது யாரும் சொல்லவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

பார் பற்றிக் கேட்டீர்கள். பாரம் சரியாக இருந்தால் அது கூடுதல் பாதுகாப்பு. பாரம் பிழையாக இருக்கும்போது அதைப் போட்டால் 90-இல் தெரிவது 100-இல் தெரியும், அவ்வளவுதான்.

வின்னிபெக்_குளிர் | சனி மதியம் 1:10

அளந்தீர்களா?

மினசோட்டா_முருங்கை | ஞாயிறு காலை 9:00

டயர் என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

ஸ்காபரோ_கொத்தமல்லி | திங்கள் இரவு 10:55

மன்னிக்கவேண்டும், வார இறுதி முழுக்க வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். சாமானோடு மொத்த எடை 590 கிலோ. மூக்கில் 23 கிலோ, அதாவது 4 சதவீதம்கூட இல்லை. ரேக்கைக் கழற்றியதும் 46. ஐஸ் பெட்டியையும் தண்ணீரையும் முன்பக்கத்துக்கு மாற்றியதும் 60. பந்து உயரமாகத்தான் இருந்தது, பந்தை இரண்டு அங்குலம் இறக்கும் பட்டை வாங்கிப் போட்டேன், இப்போது மட்டமாக நிற்கிறது. ரயர் கார் ரயர்தான், 32 அடித்திருந்தேன், மாற்றக் கொடுத்திருக்கிறேன். அச்சின் கை கொஞ்சம் கீழ்நோக்கித்தான் இருக்கிறது.

நிலா அக்கா சொன்ன இடத்தில் வெடிப்பு இருக்கிறது. இடதுபக்கம், இரண்டு அங்குல நீளம். கம்பித் தூரிகை போட்டபிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதோடு ஓடியிருக்கிறேன் என்று நினைக்க நித்திரை வரவில்லை. புதன் வெல்டிங் பட்டறைக்குப் போகிறது. கில்பேரை விட்டுவிட்டோம்.

பழைய_இரும்பு | திங்கள் இரவு 11:20

வெடிப்பின் மேல் மட்டும் வெல்ட் வைத்துவிட்டு அனுப்ப விடாதீர்கள், பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். வெடிப்பின் நுனியில் சின்னத் துளை போட்டு, வெல்ட் செய்து, அதன் மேல் நீளமான பட்டை வைத்துப் பலப்படுத்தச் சொல்லுங்கள். பட்டையின் முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்ட வேண்டும். வலதுபக்கத்துக்கும் அதையே செய்யச் சொல்லுங்கள், வெடிக்காவிட்டாலும். பைபருக்குப் பக்கத்தில் வெல்டிங் என்பதால் ஈரத்துணியும் தீயணைப்பானும் கையில் இருக்கட்டும். அச்சு பற்றி நான் சொன்னது பிழை.

நிலா_அக்கா | செவ்வாய் காலை 7:05

காலம் இருக்கிறது தம்பி, பார்க் எங்கேயும் போகாது. பட்டறையிலிருந்து வந்ததும் சைக்கிள் இல்லாமல் ஒரு தடவை, பிள்ளைகள் இல்லாமல், 80-இல் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வின்னிபெக்_குளிர் | அடுத்த திங்கள் மாலை 6:30

பட்டறையில் என்ன சொன்னார்கள்?

ஸ்காபரோ_கொத்தமல்லி | அதற்கடுத்த ஞாயிறு இரவு 9:15

இரண்டு பக்கமும் பட்டை வைத்துவிட்டார்கள். இன்று பேரி நகரம் வரை தனியே ஓட்டிப் பார்த்தேன். 95 வரை போனேன், லொறி இரண்டு முந்தின, அசையவில்லை. சைக்கிள் இனிக் காருக்கு மேலே.