பிபி கூடினால் தமனிச் சுவர் கிழிகிறதா, தடிக்கிறதா?

நர்சிங்_2ஆம்_ஆண்டு:
அழுத்தம் கூடினால் தமனியின் உள்சுவர் கிழியும், அங்கே கொழுப்பு படியும் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். நிஜமாகவே கிழிகிறதா? சுவர் மெலிந்து புடைக்காமல் ஏன் தடிக்கிறது?

நாளமில்லாதவன்:
பெரும்பாலும் கிழிவதில்லை. உள்சுவரில் ஒற்றை வரிசையாக இருப்பவை எண்டோதீலியல் செல்கள். அவை விடும் நைட்ரிக் ஆக்சைடுதான் அடியிலுள்ள தசையைத் தளர்த்துகிறது, தட்டணுக்களை ஒட்டவிடாமல் வைக்கிறது (1998 மருத்துவ நோபல் இதற்குத்தான்). துடிப்புக்குத் துடிப்பு அளவுக்கு மீறி இழுபட்டு, ரத்தக் குழாயைச் சுருக்கும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சின் 2-ம் சேர்ந்துகொண்டால் செல்லுக்குள் சூப்பர்ஆக்சைடு (எளிதில் வினைபுரியும் ஒருவகை ஆக்சிஜன்) பெருகும். அது நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துப் பெராக்சிநைட்ரைட்டாக மாற்றிவிடும். கெடுதல் அதோடு நிற்காது: நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்கு வேண்டிய துணைப்பொருளையும் பெராக்சிநைட்ரைட் அழிப்பதால், அந்த நொதியே சூப்பர்ஆக்சைடைத் தயாரிக்க ஆரம்பிக்கும். செல் சாகவில்லை, குணம் மாறிவிட்டது. மேற்பரப்பில் விகேம்-1 என்ற ஒட்டும் புரதம் முளைக்கும், மோனோசைட்டுகள் (ஒருவகை வெள்ளணுக்கள்) ஒட்டும், எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) உள்ளே தங்கும்.

சுவர்_கணக்கு:
தடிப்புக்குக் கணக்கு இருக்கிறது. சுவரின் இழுவிசை = அழுத்தம் × ஆரம் ÷ தடிமன். அழுத்தம் 120-லிருந்து 180 ஆனால், ஆரம் மாறாதபோது, பழைய இழுவிசைக்குத் திரும்ப ஒன்றரை மடங்கு தடிமன் தேவை. நடு அடுக்கின் மென்தசைச் செல்கள் அதைத்தான் செய்கின்றன. பெரிய தமனியில் செல் பருக்கும், கொலாஜன் என்ற நார்ப்புரதம் சேரும். சிறுதமனியில் இருக்கும் செல்களே உள்நோக்கி நெருங்கி அடுக்கிக்கொள்ளும், வழி குறுகும். ஆரம் 10% குறைந்தாலே ரத்த ஓட்டத் தடை சுமார் 50% ஏறும், பிபி இன்னும் கூடும். புடைப்பு வருவது சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் புரதத் தகடுகள் சிதைந்த இடத்தில்.

நர்சிங்_2ஆம்_ஆண்டு:
காரணம் அழுத்தமா, ஹார்மோனா? மாத்திரையில் திரும்புமா?

நாளமில்லாதவன்:
இரண்டும்தான். ஆனால் அழுத்தம் தனியாகவே போதும். பைபாஸில் வைக்கும் கால் சிரையைப் பாருங்கள். காலில் இருந்தவரை கொழுப்பு படியாத அதே சிரை, தமனி அழுத்தத்தில் வைத்த பிறகு உள்ளடுக்கு தடித்து அடைக்கிறது. இரண்டு இடத்திலும் ஹார்மோன் அதேதான், மாறியது அழுத்தம்.

சுவர்_கணக்கு:
சிறுதமனித் தடிப்பு ஏசிஇ தடுப்பானிலும் (ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைத் தடுப்பது) ஏஆர்பியிலும் (அது வேலை செய்வதைத் தடுப்பது) ஓராண்டு வாக்கில் நன்றாகவே குறைகிறது. பீட்டா தடுப்பான் மாத்திரையான அட்டெனோலால் பிபியை அதே அளவு இறக்கினாலும் இந்தத் தடிப்பு அசைவதில்லை. முறிந்த எலாஸ்டின் மட்டும் பெரியவர்களிடம் சரியாகத் திரும்ப உருவாகாது. சிறு ரத்தக் குழாய்கள் கெட்டிருப்பதை வார்டில் பார்க்க எளிய தடயம், சிறுநீரின் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். ஒரு கிராமுக்கு 30 மி.கி.க்கு மேல் போனால், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இல்லாத நாளில் மறுபடி எடுத்துப் பாருங்கள்.