அரண்கீழ் இணைவா, சுரங்க இணைவா?

> ஆற்றல் போதாத அணுக்கருக்கள் அரணைத் துளைத்துக்கொண்டுதானே இணைகின்றன? ‘சுரங்க இணைவு’ என்றே வைத்துவிடலாமே.

வணக்கம் ஐயா,

ஆங்கிலத்தில் ‘sub-barrier fusion’ எனப்படுவதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நேர்மின்னூட்டம் கொண்ட இரு அணுக்கருக்கள் ஒன்றையொன்று விலக்குவதால் எழும் தடையே அரண் (கூலும் அரண்); அதற்குக் கீழான ஆற்றலிலும் அவை இணைவதைச் சொல்ல வேண்டும். சூரியனை மட்டும் நினைத்தால் நீங்கள் சொல்வது சரி. மையத்தில் சுமார் 1.5 கோடி கெல்வின் இருந்தும், ஒரு புரோட்டானின் வெப்ப ஆற்றல் ஓரிரு ஆயிரம் எலக்ட்ரான்-வோல்ட்தான்; எதிரே நிற்கும் கூலும் அரணோ பல லட்சம். 1928இல் ஆல்பா சிதைவுக்கு (கருவிலிருந்து ஆல்பா துகள் வெளியேறுவதற்கு) இயற்பியலாளர் காமோவ் சொன்ன சுரங்க விளைவை, அதாவது ஆற்றல் போதாத துகள் அரணைத் துளைத்துச் செல்வதை, அடுத்த ஆண்டே அட்கின்சனும் ஹௌட்டர்மன்ஸும் விண்மீன்களுக்குப் பொருத்தினார்கள்.

ஆனால் இப்போது நமக்குச் சொல் வேண்டியிருப்பது கருக்களை வேகப்படுத்தி மோதவிடும் முடுக்கி ஆய்வுகளுக்கு. அங்கே நடப்பது வேறு. ஆக்சிஜன்-16 கற்றையைச் சமாரியம் என்ற தனிமத்தின்மேல் மோதவிடுகிறார்கள் என்று வையுங்கள். சமாரியம்-144இன் கரு உருண்டை; சமாரியம்-154இன் கரு முட்டைபோல் நீண்டது. அரணுக்குக் கீழான ஆற்றலில் இந்த நீண்ட கருவோடுதான் ஆக்சிஜன் மிக எளிதாக இணைகிறது. முனைப்பக்கமாக வந்தால் அரண் தாழ்ந்திருக்கும், இடுப்புப்பக்கமாக வந்தால் உயர்ந்திருக்கும். நாம் ‘அரண்’ என்று ஒருமையில் சொல்வதே பல அரண்களின் சராசரி. 1990களில் கான்பெராவில் அந்தப் பரவலை அளந்தே காட்டிவிட்டார்கள். ஆக, சராசரிக்குக் கீழே இருக்கும் ஆற்றல், முனைப்பக்க அரணுக்கு மேலேயே இருக்கலாம். அப்போது கரு தாண்டித்தான் போகிறது. சுரங்கம் எங்கே வந்தது? உருண்டைக் கருக்களிலும் அதிர்வுகள் அரணை இப்படிப் பலவாகப் பிரிப்பதுண்டு.

எனவே வழிமுறையைப் பெயரில் ஏற்றாமல், ஆற்றல் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும் ‘அரண்கீழ் இணைவு’ போதும். எதிர்ச்சொல்லும் தானே கிடைத்துவிடுகிறது: ‘அரண்மேல் இணைவு’. முன்பு இங்கே வந்த ‘தாழரண் இணைவு’ ஆகாது. அதில் தாழ்வு அரணுக்குப் போய்விடுகிறது. ‘குளிர் இணைவு’ வேண்டவே வேண்டாம்! அறை வெப்பநிலையிலேயே இணைவை நிகழ்த்திவிட்டதாக 1989இல் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்த அறிவிப்பும் அதன் பின்னான கூத்தும் போதும்.

அரணுக்குப் பதில் ‘தடுப்பு’ என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் ஒரு சிக்கல். ஆற்றலை மிகவும் குறைத்துக்கொண்டே போனால், இணைவு கணித்ததைவிட வேகமாகச் சரிகிறது. அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) தேசிய ஆய்வகக் குழு 2002இல் நிக்கல்-60ஐ இட்ரியம்-89உடன் மோதவிட்டபோது தெரியவந்த விஷயம் இது. இதைச் சொல்ல ‘இணைவுத் தடங்கல்’ என்ற பெயர் பொருந்தும். தடுப்பும் தடங்கலும் ஒரே பத்தியில் வந்தால் மாணவர் குழம்பிப்போவார். அரணே இருக்கட்டும்.

‘அரண்கீழ்’ என்று சேர்த்து எழுதுவதா, இடம் விட்டா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.