கொரோனா சமயத்தில் டைப் 1 சர்க்கரை நோய், தலசீமியா, கிட்னி பிரச்சினை உள்ள பிள்ளைகளின் மனசு: உங்கள் அனுபவம்?

பெரம்பூர் சித்தி:
அக்கா மகளுக்கு டைப் 1. 2020 லாக்டவுனில் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டாள், பத்தாம் வகுப்பு. இன்சுலினுக்கு அலைந்ததை விடுங்கள், எல்லோரும் பட்டதுதான். சாயங்காலம் சுகாதாரத்துறை புல்லட்டின் வருமே, இறந்தவரின் வயது, மாவட்டம், கூட என்ன நோய் என்று வரிசையாக. "பாவம், சுகர் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நாங்கள் தோசை சாப்பிடப் போய்விடுவோம். ஒருநாள் டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்ப அவள் சுகர் நோட்டைத் திறந்தால், கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் வயது வயதாக எழுதியிருக்கிறாள். 61, 54, 70, அப்புறம் 38. அதைச் சுற்றி வட்டம். கேட்டதற்கு, "கொஞ்சம் கொஞ்சமா கீழ வருது சித்தி" என்றாள். ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து என்றதும் தெருப் பிள்ளைகள் எல்லாம் குதித்தார்கள், இவள் புல்லட்டினுக்குக் காத்திருந்தாள்.

ஓஎம்ஆர் டோனர்:
தலசீமியா என்றால் உடம்பில் ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய், அந்தப் பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். காலேஜ், ஐடி கம்பெனி மூடியதும் முகாம்கள் நின்றுபோயின, நாங்கள்தான் ஆள் பிடித்து பைக்கில் கூட்டிப்போனோம், வழியெல்லாம் போலீசுக்கு விளக்கம் வேறு. ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் ரத்தம் ஏற்ற வந்திருந்த பையன், பதினாறு வயசு இருக்கும், தள்ளி நின்றே, "அடுத்த தடவை வராதீங்கண்ணா, எனக்காக வந்து உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்கிறான். கண்ணெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, பேச்சு இப்படி. "வாய மூடுடா" என்று அவன் அம்மா அதட்டினார்கள்.

மயிலை மாமா:
சித்தி, டிவியை அணைத்திருந்தால் முடிந்தது. என் தம்பி பையனுக்கு ஆஸ்துமா, அவனும் பேசாமல் கிடந்தான், தானாகச் சரியாகிவிட்டது. காலையில் பிராணாயாமம், மொட்டைமாடியில் அரை மணி வெயில், ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் கிடையாது, கபசுரக் குடிநீர். நாங்கள் டைபாய்டில் கிடந்தபோது யார் மனநலம் பார்த்தார்கள்? சர்க்கரைக்கு நாவல்கொட்டைப் பொடி விடாமல் கொடுத்துப் பாருங்கள், ஊசியே வேண்டாம்.

நெஃப்ரோ பொண்ணு:
மாமா, டைப் 1-இல் உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்கவே சுரக்காது. ஊசியை நிறுத்தினால் கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், நேராக ஐசியூ. தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள்.

எனக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், கிட்னி பிரச்சினை. சிறுநீரில் புரதம் போகும், அதற்கு ஸ்டீராய்டைக் கூட்டினால் முகம் பூரி மாதிரி உப்பிவிடும். ஆன்லைன் வகுப்பில் மிஸ் கேமராவை ஆன் பண்ணச் சொன்னார், பண்ணினேன், யாரோ சாட்டில் "புது அட்மிஷனா மிஸ்?" என்று போட்டான். எல்லாரும் சிரிக்கிற ஸ்மைலி. வகுப்பு முடிகிறவரை என் முகமே எனக்கு எதிரில் அந்தக் கட்டத்துக்குள். மறுநாள் கேமராவில் டேப் ஒட்டிவிட்டேன். 2021 செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது மாஸ்க்கைத் திட்டாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வீட்டில் காலையில் புரதம் எவ்வளவு போகிறது என்று சிறுநீரில் ஸ்ட்ரிப் நனைத்துப் பார்ப்பேன், ஒரு பிளஸ்ஸா ரெண்டு பிளஸ்ஸா என்று கேட்டு அப்பா பாத்ரூம் கதவுக்கு வெளியே நிற்பார். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

மயிலை மாமா:
நான் ஊசியை நிறுத்தச் சொல்லவில்லையே. நாவல்கொட்டை எங்கள் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது.

பெரம்பூர் சித்தி:
மாமா, டிவியை அணைத்துத்தான் பார்த்தோம், புல்லட்டின் பிடிஎஃப் வாட்ஸப்பில் வந்துவிடும். போன செக்கப்பில்தான் ஒரு டாக்டர் முதல்முறையாகத் தூக்கம், பயம் பற்றியெல்லாம் அவளிடம் கேட்டார், அரசின் மனநல உதவி லைன் டெலிமானஸ் 14416 நம்பரும் கொடுத்தார். அது வந்ததே 2022 அக்டோபரில். இலவசம், தமிழிலேயே பேசலாம், வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நெஃப்ரோ பொண்ணு, ஸ்டீராய்டு இப்போது நிறுத்தியாச்சாம்மா?