பொருள்: மறு: 'டிஸ்டன்ட் ரீடிங்' – தொலைவாசிப்பா, தொகைவாசிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

எண்ணிம (டிஜிட்டல்) ஆய்வுமுறைகள் பாடத்துக்கான சொற்பட்டியலில் மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன. (எண்ணிமமா, எண்முறையா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம்.) 'கன்கார்டன்ஸ்' (ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் காட்டும் பட்டியல்) என்பதற்குத் தொடரடைவு இருக்கிறது. 'குளோஸ் ரீடிங்', அதாவது ஒரு படைப்பை வரிவரியாக ஊன்றிப் படிப்பது, என்பதற்கு நுண்வாசிப்பு திறனாய்வில் நிலைத்துவிட்டது. அதன் எதிரிணையான, பல நூல்களை ஒன்றாக வைத்துப் பொதுப் போக்குகளைத் தேடும் 'டிஸ்டன்ட் ரீடிங்'தான் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்த கருத்துகளுக்கு என் பதில் கீழே.

> தொலைவாசிப்பு என்று சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதுவே இருக்கட்டுமே ஐயா, புதிதாக ஒன்று எதற்கு?

புழக்கத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தமிழில் 'தொலை' என்று தொடங்கும் சொற்கள் எல்லாம் ஒரே குடும்பம்: தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநகல். பொருள் எங்கோ இருக்கும், நாம் இங்கிருந்தே அதைக் கேட்போம், பார்ப்போம். பல்கலைக்கழகத்திலோ இந்தக் குடும்பத்தில் மிகவும் செல்வாக்கானது தொலைநிலைக் கல்வி. பாடத்திட்டத்தில் 'தொலைவாசிப்பு' என்று ஒரு அலகு இருந்தால், வீட்டிலிருந்தபடியே இணையத்தில் படிக்க வேண்டிய பகுதி என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். பொறியியல் துறைக்காரர் மின்மானியைத் தூரத்திலிருந்து கணக்கெடுக்கும் முறை என்பார். இந்த முறையைப் பிடிக்காதவர்களுக்கோ 'தொலைந்த வாசிப்பு' என்று கேலி செய்ய நாமே வழிவிட்டது போலாகும்.

இன்னொன்று. ஆங்கிலச் சொல்லே அவ்வளவு யோசித்து வைத்த பெயர் இல்லை. இலக்கிய ஆய்வாளர் ஃபிராங்கோ மொரெட்டி 2000இல் உலக இலக்கியம் பற்றி எழுதிய கட்டுரையில் இது வருகிறது. முதலில் 'சீரியல் ரீடிங்' என்று, அளவுசார் வரலாற்றாய்வை நினைவூட்டும் விதமாகத்தான் எழுதியிருந்ததாகவும், 'டிஸ்டன்ட்' பிறகு வந்து உட்கார்ந்துகொண்டதாகவும், அதில் பாதி விளையாட்டு என்றும் 2013இல் அவரே சொல்லிவிட்டார். சொன்னவரே விளையாட்டாகச் சேர்த்த அடைமொழிக்கு நாம் ஏன் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்க வேண்டும்?

> கணினிவாசிப்பு என்று வைத்தால் யாருக்கும் உடனே புரியுமே?

உடனே புரியும், தவறாகப் புரியும். படமாக இருக்கும் பக்கத்தை எழுத்துணரி எழுத்தாக்குவதும் கணினி வாசிப்பது, திரையில் உள்ளதைக் குரலாக்குவதும் கணினி வாசிப்பது. அதைவிட முக்கியமாக, இந்த முறைக்குக் கணினி கட்டாயமே இல்லை. மொரெட்டியின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிரலாக்கம் எதுவும் கிடையாது. பல நாட்டு நாவல்களைப் பற்றிப் பிறர் செய்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதைத்தான் அவர் முன்வைத்தார். பிறகு 1740 முதல் 1850 வரை வெளிவந்த பிரிட்டிஷ் நாவல்களின் தலைப்புகள் ஏழாயிரத்தை எடுத்து அவர் செய்த ஆய்வையும் பாருங்கள். அதில் எண்ணியது தலைப்புகளை மட்டும்தான். கதைச்சுருக்கம் போல நீண்டிருந்த தலைப்புகள் காலப்போக்கில் இரண்டு மூன்று சொற்களாகச் சுருங்குவதை அது காட்டுகிறது. ஒரு நூலகப் பட்டியலும் ஒரு விரிதாளும் கையில் இருந்தால் முதலாண்டு மாணவர்கூட இதுபோல ஒன்றைச் செய்து பார்க்கலாம். பைத்தான் நிரல்மொழி தெரியாது என்று ஒதுங்கி நிற்கும் இலக்கியத் துறையினரை உள்ளே இழுக்க இதைவிட நல்ல முதல் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. பெயரிலேயே கணினியை மாட்டினால் அவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

> நுண்ணுக்கு எதிர் பரு. எனவே பருவாசிப்பு.

இலக்கணப்படி அழகு. வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பின்வரிசையில் முகப்பருவை வைத்துச் சிரிப்பு கிளம்பும். சரி, அதை விடுவோம். பருப்பொருள் என்றால் கைக்குத் தட்டுப்படும் பொருள் என்ற எண்ணம் வேறு இருக்கிறது. நாம் சொல்ல வருவது அதற்கு நேர்மாறானது. விரிவாசிப்பு என்று ஒருவர் சொன்னார். மொழிக் கற்பித்தலில் நிறையப் படிக்கவைப்பதை ஏற்கெனவே விரிவான வாசிப்பு என்கிறார்கள், அதனால் அதுவும் சரிப்படாது.

என் பரிந்துரை தொகைவாசிப்பு. தொகை என்றால் திரட்டு, தொகை என்றால் எண்ணிக்கையும்கூட. பல நூல்களை ஒரு திரட்டாக வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பதுதானே இந்த முறை? ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கின்றன. ஆனால் நான் இதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது.

தொலைவு என்றால் கவனம் ஆய்வாளர் எங்கே நிற்கிறார் என்பதில் போகிறது. தொகை என்றால் எந்தத் தொகை, யார் தொகுத்தது என்ற கேள்வி தானாக வருகிறது. இந்த முறையைக் கற்பிக்கும்போது மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஒரு எடுத்துக்காட்டு. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றையும் கணினியில் ஏற்றி, பாடலுக்குச் சராசரி எத்தனை அடி என்று கணக்கிடச் சொன்னால் ஒன்றிலிருந்து ஒன்று ஏறிக்கொண்டே போகும், பளிச்சென்ற வரைபடம் கிடைக்கும். கவிஞர்கள் காலப்போக்கில் நீளமாக எழுதத் தொடங்கினார்கள் என்று அதிலிருந்து ஒரு மாணவர் கட்டுரை எழுதிவிடலாம். உண்மையில் அது தொகுத்தவர்கள் போட்ட விதி. 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். ஒரே புலவரின் பாடல்கள் அடியளவைப் பொறுத்து வெவ்வேறு நூலுக்குப் போயிருக்கின்றன. வரைபடம் காட்டியது கவிதையின் வரலாற்றை அல்ல, வடிகட்டிய சல்லடையை.

நம் மரபில் பல தொகைநூல்களோடு தொகுத்தவர் பெயரோ தொகுப்பித்தவர் பெயரோ இரண்டுமோ சேர்ந்தே வரும். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இன்றைய மொழியில் சொன்னால் தரவுத்தொகுதியின் மேனிலைத் தரவு, அதாவது தரவைப் பற்றிய தரவு. இணையத்திலிருந்து ஆயிரம் கோப்புகளை இறக்கி வோயன்ட் என்ற உரைப்பகுப்பாய்வுக் கருவியில் போட்டு, அடிக்கடி வரும் சொற்களைப் பெரிதாகக் காட்டும் சொல்முகில் எடுக்கும் மாணவரிடம், இதைத் தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார், எது விடுபட்டது என்று கேட்க இந்தப் பெயர் எனக்கு உதவும்.

தடைகள் இல்லாமல் இல்லை. தொகை என்றதும் பணம் நினைவுக்கு வரும். இலக்கணத்தில் வினைத்தொகை, பண்புத்தொகை இருக்கின்றன. எட்டுத்தொகையை வாசிப்பது என்றும் யாராவது கொள்ளலாம். ஆனால் 'வாசிப்பு' கூடவே நிற்பதால் முதல் இரண்டும் பெரிய தொல்லை தராது என்று நினைக்கிறேன். மூன்றாவது குழப்பம் வந்தால் வரட்டும், மேலே சொன்ன எடுத்துக்காட்டை வகுப்பில் எடுக்க அது ஒரு சாக்கு. 'வாசிப்பு' வடசொல், 'படிப்பு' ஆக்கலாம் என்ற அம்மையாருக்கு: தொகைப்படிப்பு என்றால் பட்டயப் படிப்பு போல ஒலிக்கிறது, தவிர நுண்வாசிப்போடு இணை சேராமல் போய்விடும்.

எழுதிப் பார்த்தேன். 'தொகைவாசிப்பில் தெரிந்த போக்கை நுண்வாசிப்பால் சரிபார்க்க வேண்டும்' என்பது வாயில் தடுக்காமல் வருகிறது. 'தொகைவாசிப்பு முறை', 'தொகைவாசிப்பாளர்' எல்லாம் அமைகின்றன. ஒற்று மிகுமா மிகாதா என்ற தலைவலியும் இல்லை.

வலுவான மறுப்பு வராவிட்டால் பட்டியலில் தொகைவாசிப்பு என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'தொலைவாசிப்பு என்றும் வழங்கும்' என்று குறித்துவிடுகிறேன். அப்புறம், 'டாபிக் மாடலிங்' (சேர்ந்து வரும் சொற்களை வைத்து நூல்களில் பேசப்படும் விஷயங்களைக் கணினியால் பிரித்தறியும் முறை) அடுத்து நிற்கிறது. கருப்பொருள் என்று தொடங்கும் எதையும் நான் ஏற்கப்போவதில்லை. அகத்திணை இலக்கணத்தில் முதல், கரு, உரி படித்த மாணவர் அதைப் பார்த்ததும் தெய்வம், உணா, மா, மரம், புள் என்று தேட ஆரம்பித்துவிடுவார். வேறு யோசனை இருப்பவர்கள் தனி இழையில் எழுதுங்கள்.

அன்புடன்