சொடுக்கு பட்டியலுக்கா, உருப்படிக்கா?

ஆண்ட்ராய்டு நிரலாக்கத்தில், உருப்படிகளைச் சொடுக்கித் திறக்கும் பட்டியலைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதற்கும், அதோடு சேர்ந்த சொற்களுக்கும் வந்த பரிந்துரைகளுக்கு இது என் பதில். ‘தொடுபட்டியல்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொடுதிரை போல அதுவும் வினைத்தொகை, இலக்கணம் இடிக்கவில்லை. இடிப்பது நிரலில். ஆண்ட்ராய்டில் தொடுதலும் சொடுக்குதலும் வேறு வேறு நிகழ்வுகள். விரல் பட்டது, நகர்ந்தது, விலகியது என ஒவ்வொன்றுக்கும், தொடுதலைக் கவனிக்கும் ஆன்டச் என்ற செயல்கூறு அழைக்கப்படும். சொடுக்கைக் கவனிக்கும் ஆன்கிளிக் வர வேண்டுமானால் விரல் பட்ட இடத்திலேயே விலக வேண்டும். இடையில் சுமார் 8 டிபி (திரையில் நீளத்தை அளக்கும் அலகு) நகர்ந்துவிட்டால், அதை உருட்டல் என்று எடுத்துக்கொண்டு பட்டியல் நகரத் தொடங்கும், சொடுக்கு ரத்தாகிவிடும். பட்டியலை உருட்டுகிறவரும் அதைத் தொடத்தான் செய்கிறார், எதையும் திறப்பதில்லை.

‘தட்டுப்பட்டியல்’ என்ற பரிந்துரையில் வேறு சிக்கல். ஒற்று மிகுந்ததும் அது வினைத்தொகை ஆகாது. ஏதோ பாத்திரத் தட்டுகளின் பட்டியல் போல ஆகிவிடுகிறது. மேலும், வெளி விசைப்பலகையில் என்டர் அழுத்தினாலும் ஆன்கிளிக் வரும். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக் இயங்கும்போது இருமுறை தட்டினால்தான் ஒரு சொடுக்கு. எனவே நிரலாளர் ஆவணத்தில் ‘சொடுக்கு’ இருக்கட்டும்; பயனர் திரையில் படிக்கும் வரியில் ‘தட்டுக’ என்றே எழுதலாம்.

என் கேள்வி வேறு. சொடுக்கைப் பட்டியலின் பெயரோடு ஏன் ஒட்ட வேண்டும்? பட்டியல் காட்டும் பழைய கூறான லிஸ்ட்வியூவில், சொடுக்கைக் கவனிக்கும் கேட்பானை செட்ஆன்ஐட்டம்கிளிக்லிசனர் வழியாகப் பட்டியலிடமே கொடுத்தோம், உண்மை. அதற்கு மாற்றாக 2014இல் வந்த ரீசைக்ளர்வியூவில் அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு உருப்படியின் காட்சிக்கும் நாமே கேட்பானைப் பொருத்த வேண்டும். அதை, காட்சியை உருவாக்கும் ஆன்கிரியேட்வியூஹோல்டரில் ஒருமுறை செய்தால் போதும். காட்சியில் தரவை நிரப்பும் ஆன்பைண்டில் கிடைக்கும் இடவெண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு சொடுக்கும்போது பயன்படுத்துவதுதான் பலர் செய்வது, அதில்தான் வழு. மூன்றாம் உருப்படியை நீக்கியதும், கீழிருந்தவை ஓரிடம் மேலேறும். ஆனால் அவற்றின் கேட்பானில் பழைய எண்ணே இருக்கும். ஒன்றைத் தட்டினால் அதற்கு அடுத்தது திறக்கும். சொடுக்கிய கணத்தில் அப்போதைய இடவெண்ணைத் தரும் கெட்பைண்டிங்அடாப்டர்பொசிஷனைக் கேளுங்கள். -1 வந்தால் (இடம் இல்லை என்று பொருள்) ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

ஆக, பட்டியல் வெறும் ‘பட்டியல்’. சொடுக்கு ‘உருப்படி’க்கு உரியது. ‘வரிசை’ வேண்டாம், கட்டங்களாக அடுக்கினால் ஒரு வரிசையில் மூன்று நான்கு உருப்படிகள் இருக்கும். ‘தெரிவு’ என்பதையும் இதோடு கலக்கக் கூடாது. சொடுக்கினால் ஒரு செயல் நடந்து முடியும். தெரிவு செய்தால் அந்த நிலை உருப்படியில் தங்கும். லிஸ்ட்வியூ உருப்படிக்குள் ஒரு பொத்தான் வைத்தால் அது குவியத்தை (ஃபோகஸ்) பறித்துக்கொள்ள, உருப்படிச் சொடுக்கு வராமலே போகும். அதை விளக்கவும் இரண்டு சொடுக்குகளுக்கும் உரியவர் யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. (உள்ளிருப்பவை குவியம் பெறாதபடி, உருப்படியின் வேர்க் காட்சியில் டிசென்டன்ட்ஃபோகசபிலிட்டி என்ற பண்பை பிளாக்ஸ்டிசென்டன்ட்ஸ் ஆக்கினால் சரியாகும்.)

ரீசைக்ளர்வியூவுக்கு ‘மறுசுழற்சிப் பட்டியல்’ என்பதை நான் ஏற்கவில்லை. மறுசுழற்சி என்றால் பழையதை உருக்கி வேறொன்றாக்குவது. இங்கே திரைக்கு மேலே போன காட்சி, அப்படியே கீழே வந்து புதுத் தரவை ஏற்கிறது. ஆயிரம் உருப்படிகள் இருந்தாலும் திரை கொள்ளும் அளவும் கூடச் சிலவும்தான் உருவாகும். ‘மீள்பயன் பட்டியல்’ என்றால், புதிதாகக் கற்பவருக்கு அந்தப் பழகிப்போன வழுவின் காரணம் பெயரிலேயே பிடிபடும்: இரண்டாம் உருப்படியில் குறியிட்டால், உருட்டியபின் பதினான்காம் உருப்படியிலும் குறி தெரியும். காட்சி பழையது, குறியை யாரும் அழிக்கவில்லை. ஆன்பைண்டில் ‘குறியிட்டிருந்தால் காட்டு’ என்று மட்டும் எழுதினால் இப்படித்தான். இல்லாதபோது நீக்கவும் எழுத வேண்டும். இதே பட்டியலை ஸ்க்ரோல்வியூவுக்குள் முழு உயரத்துக்கு விரியவிட்டால் எல்லா உருப்படிகளும் ஒரேயடியாக உருவாகும், மீள்பயனே நடக்காது.

தரவைப் பட்டியலோடு இணைக்கும் அடாப்டருக்குத் ‘தகவி’ போதும். ஓர் உருப்படியின் காட்சியை வைத்திருக்கும் வியூஹோல்டருக்குச் சொன்ன ‘காட்சிப்பிடி’ சரிப்படாது. பிடி என்றால் கைப்பிடி நினைவுக்கு வருகிறது, ஹேண்டிலுக்கு அந்தச் சொல் தேவைப்படும். ‘காட்சியேந்தி’ கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேறெதோடும் மோதவில்லை.