பதில்: சுங்கக் கலைச்சொல் பட்டியலில் பிரிவு 80-க்கு (பயணி கேட்டதன்பேரில் அவர் பொருளைச் சுங்கம் தற்காலிகமாக வைத்துக்கொள்வது) ‘பறிமுதல்’ சரியா?

> விமான நிலையத்தில் சுங்கம் பிடித்து வைப்பதையெல்லாம் ‘பறிமுதல்’ என்றே போட்டுவிடலாமே? செய்தித்தாள்கள் அப்படித்தானே எழுதுகின்றன.

ஐயா, எழுதுகின்றன; தொல்லையே அங்குதான். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் இவை மூன்று வேறு செயல்கள். பறிமுதலுக்கு உரிய பொருள் என்று நம்பக் காரணம் இருந்தால், 110ஆம் பிரிவுப்படி அதிகாரி எடுத்து வைப்பது கைப்பற்றல். விசாரணை முடிந்து, ஆணை பிறந்து, பொருள் அரசுக்குப் போவதுதான் பறிமுதல். அதிலும் 125ஆம் பிரிவில் தண்டம் கட்டி மீட்க வழி உண்டு.

மூன்றாவதான 80ஆம் பிரிவு இவற்றோடு சேராது. சிங்கப்பூரில் குடியிருப்பவர் ஒருவர் கல்யாணத்துக்காகத் திருச்சியில் வந்து இறங்குகிறார். பெட்டியில் விலையுயர்ந்த கேமரா. தீர்வைக்குரிய பொருள் வைத்திருப்பவர்கள் போகும் சிவப்பு வழியில் போய், இருப்பதை இருக்கிறபடி எழுதிக் கொடுக்கிறார். பத்து நாளில் திரும்பப் போகிறவர், தீர்வை எதற்குக் கட்ட வேண்டும்? “போகும்போது வாங்கிக்கொள்கிறேன்” என்று கேட்கிறார். அதிகாரி ஒப்பினால் முத்திரை வைத்து, ரசீது கொடுத்து வைத்துக்கொள்வார். அவரால் வாங்க முடியாமல் போனால், அவர் அதிகாரம் அளித்த வேறொரு பயணி வெளிநாடு போகும்போது வாங்கிச் செல்லலாம், சரக்காகவும் அனுப்பலாம். இதைப் பறிமுதல் என்றால், ஒளிக்காமல் சொன்ன மனிதரைக் கடத்தல்காரர் ஆக்குகிறோம்.

‘தடுத்துவைப்பு’ காவல் நிலைய வாடை அடிக்கிறது. ‘வைப்பு’ என்றால் வங்கி. என் பரிந்துரை: கையடை. நம்பி ஒப்படைத்த பொருளுக்குப் பழைய சொல். கம்பனில் கையடைப் படலமே உண்டு. கையடை வைத்தார், கையடைச் சீட்டு, கையடை மீட்பு என்று கிளைக்கவும் செய்கிறது.

---

> என் பரிந்துரை: கையடை

அண்ணா, சொல் அழகு. ஆனால் விமான நிலையத்தில் ‘டிடெய்ன் பண்ணிட்டாங்க’ என்றுதான் சொல்கிறார்கள், பயணி கேட்காமலே நிறுத்திவைத்தாலும். அதற்கும் கையடை என்பீர்களா?

---

மாட்டேன் தம்பி. உண்மையான அறிவிப்பு, பயணியின் வேண்டுகோள், இரண்டும் இருந்தால்தான் 80. கேட்காமல் வைப்பதற்கு ‘நிறுத்திவைப்பு’ போதும். அது ஒன்றும் கௌரவமான காரியம் இல்லை, சொல்லும் அப்படியே இருக்கட்டும்.

வியாழன்வரை மறுப்பு வராவிட்டால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘அடை’ என்பதைப் பார்த்து யாரும் ‘அடைமானம்’ என்று திருத்திவிட வேண்டாம்.