இந்திய மருந்து, வன்னிப் புடையன்

முத்தையன்கட்டு:
பெரும்போக அரிவுவெட்டு நெருங்குது. பாம்புக்கடிக்கு எங்கட ஆஸ்பத்திரிகளில ஏத்துற மருந்து இந்தியாவில செய்யிறது. கண்ணாடிப் புடையன் கடிச்சவைக்கு 10 குப்பி ஏத்தியும் இரத்தம் உறையேல்லை எண்டு திரும்பவும் ஏத்துகினம். மருந்து பழுதோ? ரெண்டு நாடும் சேர்ந்தால் திருத்தேலுமோ?

வவுனிக்குளம்:
பழுதில்லை. அது அந்த ஊர்ப் பாம்புக்குச் செய்த மருந்து. அதற்கான நஞ்சில் பெரும்பங்கை மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது: நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை. அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்ற, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்தான் குப்பியில் வருவது. இனம் ஒன்றானாலும் இடத்துக்கு இடம் நஞ்சின் சேர்மானம் மாறும். இங்கத்தைப் புடையன் கடித்தால் கண்ணிமையும் தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள்.

1 மில்லிலீட்டர் மருந்து 0.6 மில்லிகிராம் புடையன் நஞ்சை முறிக்கும் என்பது இந்தியப் பாம்பின் கணக்கு. ஒரு குப்பி 10 மில்லிலீட்டர்; அப்படிப் பார்த்தாலும் 10 குப்பி 60 மில்லிகிராமுக்குத்தான் காணும். வளர்ந்த புடையன் அதைவிடக் கூடவும் இறக்கும்.

காசு கொடுத்து வாங்குவதை நான் ஒத்துழைப்பு என்று சொல்லமாட்டேன். இங்கே எடுத்து உலர்த்திய நஞ்சு அங்கே போய்க் குதிரைக்கு ஏறவேண்டும். அதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் சந்தை: எங்கள் சிறிய தேவைக்கெனத் தனிக்குதிரை வளர்க்க எந்தக் கொம்பனியும் முன்வராது. பல வருடத்துக்கு இவ்வளவு வாங்குவோம் என்று அரசு எழுதிக் கொடுத்தால்தான் பேச்சே தொடங்கும்.

தாதி:
பாதிப் பிழை, இரத்தம் உறையுதோ எண்டு பாக்கிற சோதனைக் குழாயில். 2 மில்லிலீட்டர் இரத்தத்தைப் புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைக்கவேணும். சவர்க்காரம் போட்டுக் கழுவின குழாயிலோ பிளாஸ்டிக்கிலோ நல்ல இரத்தமும் உறையாது. வீணாக இன்னொரு 10 குப்பி போகும். மருந்து ஏறி 6 மணித்தியாலத்துக்கு முதல் திரும்பச் சோதிச்சும் பலனில்லை. உறையவைக்கிற புரதத்தை ஈரல் புதுசாகச் செய்ய அவ்வளவு நேரம் எடுக்கும்.

மருந்துத் தூளைக் கரைக்கேக்க குலுக்காமல் மெல்லச் சுழற்றுங்கோ, நுரைச்சால் கெட்டுப்போகும். தொடங்க முதல் 1:1000 அட்ரினலின் 0.25 மில்லிலீட்டர் தோலுக்குக் கீழ் போடுறது ஒவ்வாமையைக் குறைக்கும்.

வவுனிக்குளம்:
கட்டுவிரியனுக்குக் கதை வேறை. தசை செயலிழந்த பிறகு எந்த நாட்டு மருந்தும் அதை மீட்காது, வென்டிலேட்டர்தான். அந்த நேரத்தில் உதவுவது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ். இந்திய நன்கொடையில் 2016இல் தொடங்கி, 2018இல் வடக்குக்கு வந்தது. கூப்பிடும்போதே பாம்புக்கடி, மூச்சு எப்படி, இமை தொங்குதோ என்று சொல்லுங்கள்.